நீத்துப்பெட்டியும் நிலைமாற்றியும்

பிறநாடொன்றிற் குடியேறப் புறப்படுவோர் பெட்டி கட்டும் வேளையில் அருகிருந்து பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் எந்தப் பையினுள் இருத்தல் வேண்டும் என்பதில் வீட்டார் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. உடுப்புகளைப் பற்றிய தர்க்கமும் அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஓயாத தர்க்கம் ஒன்று உண்டு. அது குசினிச் சாமான்களைப் பற்றியது. இடியப்ப உரலை வைப்பதா, அதன் நிறைக்கு மிளகாய்த்தூளை வைப்பதா? தோசைக்கல்லுக்கு இடமுண்டா? தராசில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இரவு கழியும். புறப்படுகிறவர் உறங்கிய பின்னரும் தாயார் பெட்டியை அவிழ்த்து மீண்டும் அடுக்கிக்கொண்டிருப்பார்.

இத்தர்க்கத்தினுள் அண்மைக் காலத்திற் புதிய விருந்தாளி ஒருவர் நுழைந்திருக்கிறார். அவரே இணையக் கடைக்காரர். அவருடைய கடைக்குக் கதவில்லை. திறக்கும் நேரம், மூடும் நேரம் இல்லை. சாவகச்சேரியில் இருந்துகொண்டே சென்னையிலுள்ள மிக்சியையும், ரொறன்ரோவிலுள்ள றைஸ் குக்கரையும் ஒரே திரையிற் பார்க்கலாம், விலையை ஒப்பிடலாம், விரலால் தொட்டு வாங்கலாம். குடிபெயர்வோருக்கு இஃது எத்துணை ஆறுதல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. போய்ச் சேருமுன்னரே அங்கே ஒரு குசினியை ஆயத்தஞ் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும், எவ்விடத்தில் இடறும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமக்கையார் வாங்கிய மிக்சி

என் தமக்கையாரின் மகள் திருமணமாகி 2019ஆம் ஆண்டு ரொறன்ரோவுக்குப் புறப்பட்டாள். தமக்கையார் கையிலிருந்த சேமிப்பிற் பெரும்பகுதி பயணச் செலவுக்குப் போய்விட்டது. எஞ்சிய பணத்தில் மகளுக்கு ஒரு நல்ல மிக்சி வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இளமையில் அம்மியில் அரைத்து அரைத்துக் கை காய்த்தவர் அவர். தம் மகள் அந்நியமண்ணிற் சம்பலுக்கும் சட்னிக்கும் தவிக்கக் கூடாது என்று எண்ணியதில் வியப்பில்லை. அயல்வீட்டுப் பையன் ஒருவன் கைத்தொலைபேசியில் இணையக் கடையொன்றைத் திறந்து காட்டினான். படங்கள் பல; விலைகள் பல; மூன்று சாடிகளுடன் 750 உவாற்று வலுவுள்ள ஒரு மிக்சி தெரிவாயிற்று. ஐந்து நாளிற் பெட்டி வந்தது. 23 கிலோகிராமுக்கு மேற்படாத பயணப் பெட்டியில் அதற்கு இடங்கொடுப்பதற்காக இரண்டு சேலைகளும் ஒரு போர்வையும் வெளியே எடுக்கப்பட்டன.

மகள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. செருகியின் முனைகள் அங்குள்ள சுவரிற் பொருந்தவில்லை. பொருத்தி ஒன்றை வாங்கி இணைத்தார்கள். மிக்சி சுழன்றது, ஆனால், நோயாளி நடப்பதுபோற் சுழன்றது. தேங்காய்ப்பூ சாடியின் அடியிற் கிடந்தபடியே கிடந்தது. யாரோ சொன்ன யோசனைப்படி நிலைமாற்றி ஒன்றை, அதையும் இணையக் கடையிலேயே, வாங்கினார்கள். விலை குறைந்தது என்று 500 உவாற்று நிலைமாற்றியைத் தெரிந்தெடுத்தது அடுத்த பிழை. இரண்டாம் முறை உழுந்து அரைக்கையில் அதன் உருகி எரிந்து, குசினி எங்கும் புகை மணம் பரவியது.

“அம்மா, இது இஞ்சத்தைக் கரண்டுக்குச் சரிவராதாம்” என்றாள் மகள். “அப்ப நான் உனக்குத் தந்து விட்டது ஒண்டுக்கும் உதவாமல் போச்சே, பிள்ளை” என்றார் தமக்கையார். விமான நிலையத்தில் அழாதவர் அன்றிரவு அழுதார். மிக்சியின் விலைக்காக அவர் அழவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைக்குத் திருப்பி அனுப்பலாமா என்று விசாரித்தோம். பொருளைத் திருப்பும் தவணை முடிந்துவிட்டது. உத்தரவாதமோ விற்ற நாட்டினுள் மாத்திரமே செல்லுபடியாகும் என்று சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. கடைக்காரர் பொய் கூறவில்லை. மிக்சியின் அடியில் ஒட்டியிருந்த தகட்டில் 230 வோல்ற்று, 50 ஏட்சு என்று தெளிவாகவே பொறிக்கப்பட்டிருந்தது. படத்திற் சாடிகளைப் பார்த்தோம்; நிறத்தைப் பார்த்தோம்; அத்தகட்டை எவரும் பார்க்கவில்லை.

உலகிற் பல மின்சாரங்கள்

மின்சாரம் எங்கும் ஒன்றே என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால், இலங்கையில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அளவினது. செக்கனுக்கு 50 முறை திசைமாறிச் சுற்றுவது. இதனையே 50 ஏட்சு மீடிறன் என்கிறோம். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் சாதாரணச் சுவர்ச் செருகிடத்தில் 120 வோல்ற்றும் 60 ஏட்சும் உண்டு. யப்பானில் 100 வோல்ற்று. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 ஏட்சு, மேற்குப் பகுதியில் 60 ஏட்சு. ஒரே நாட்டினுள்ளேயே இரு மீடிறன்கள்! 1890களில் தோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாக்கா அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கிகளை வாங்கியதன் விளைவு அது.

வோல்ற்றளவு வேற்றுமைக்குங் காரணம் வரலாறே. தோமஸ் எடிசன் 1882ஆம் ஆண்டு நியூயோக் நகரில் மின்விநியோகத்தைத் தொடங்கியபோது, அக்காலத்துக் கரியிழை விளக்குகளுக்கு ஏற்றதாக 110 வோல்ற்றளவைத் தெரிந்துகொண்டார். வட அமெரிக்கா அவ்வழியிலே வளர்ந்தது. ஐரோப்பாவிலோ பேர்லின் நகர மின்நிலையத்தார் 1899இல் 220 வோல்ற்றுக்கு மாறினார்கள். வோல்ற்றளவு கூடினால் அதே கம்பி வழியே கூடிய வலுவை அனுப்பலாம் என்பது அவர்கள் கண்ட நன்மை. பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த நாடுகள் பலவும் உயர்ந்த வோல்ற்றளவையே பின்பற்றின. ஆகவே, நம் வீட்டுச் சுவரிலுள்ள மூன்று துளைகளும் ஒருவகையிற் சரித்திரச் சாசனங்களே.

இவ்வேற்றுமையாற் குசினியில் நேர்வது யாது? வெப்பச்சுருள் உள்ள கேத்தில், இஸ்திரிப்பெட்டி, றைஸ் குக்கர் முதலியவற்றை எடுத்துக்கொள்வோம். தடை மாறாதிருப்பின், வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும் என்பது மாணவர் அறிந்த விதி. இலங்கையில் 2,000 உவாற்று வலுவுள்ள கேத்திலை 120 வோல்ற்றில் இணைத்தால், அது தருவது ஏறத்தாழ 545 உவாற்றே. தேநீருக்குக் காத்திருப்பவரின் பொறுமை கெடும், வேறு தீங்கில்லை. மறுதலையாக, கனடாவில் வாங்கிய கேத்திலை விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்து 230 வோல்ற்றில் இணைத்தாலோ, அது மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட வலுவை வாங்க முற்பட்டு எரிந்துபோகும். அங்கே செல்வது சோம்பும். இங்கே வருவது சாகும். இவ்வளவில் நினைவிற்கொண்டாலே போதும்.

நிலைமாற்றி ஒன்றை வைத்தால் 120ஐ 230 ஆக உயர்த்தலாம் என்பது உண்மையே. ஆனால், அதன் கொள்ளளவு சாதனத்தின் வலுவினும் நன்றாகக் கூடியிருத்தல் வேண்டும். 750 உவாற்று மிக்சி தொடங்குங் கணத்திலும், உழுந்து இறுகும் வேளையிலும் கூடுதலான ஓட்டத்தை இழுக்கும். அதனால் 1,500 உவாற்று நிலைமாற்றியாவது வேண்டும் என்பர். அத்தகைய நிலைமாற்றி நிறையிலும் விலையிலும் மிக்சியோடு போட்டியிடும். அன்றியும், நிலைமாற்றி வோல்ற்றளவை மாற்றுமேயன்றி மீடிறனை மாற்றாது. மா அரைக்கும் கிறைண்டர்களிற் பெரும்பாலும் உள்ள தூண்டல் மோட்டரின் வேகம் மீடிறனைப் பொறுத்தது. 50 ஏட்சுக்கென அமைந்தது 60 ஏட்சில் ஐந்திலொரு பங்கு கூடிய வேகத்திற் சுழல முற்படும். மாவுஞ் சூடேறலாம், மோட்டருஞ் சூடேறலாம். மின்னலையை எண்ணி நேரங்காட்டும் அடுப்புக் கடிகாரமோ மணிக்கு 12 நிமிடம் முந்திச் செல்லும்.

கனேடிய வீடுகளில் மின்னடுப்புக்கென 240 வோல்ற்றுச் செருகிடம் ஒன்று இருக்கும். “அதிற் கொழுவினால் என்ன?” என்று கேட்போர் உளர். அது அடுப்பின் பெரிய ஓட்டத்துக்கென அமைந்தது. சிறு மிக்சியொன்றிற் பழுது நேர்ந்தால், கம்பி எரியத் தொடங்கிய பின்னரும் அச்சுற்றின் காப்பு ஆளி விழாதிருக்கக் கூடும். அவ்விபரீதத்தைச் செய்யாதிருத்தல் நன்று.

இலண்டனுக்குச் செல்வோருக்கு இச்சங்கடங்கள் இல்லை. அங்கும் 230 வோல்ற்று, 50 ஏட்சு. 1947ஆம் ஆண்டு பிரித்தானியாவில் நியமமாக்கப்பட்ட சதுரமுனைச் செருகியே இன்று நம் வீடுகளிலும் பெருகிவருகிறது. பழைய வட்டமுனைச் செருகியாயின் அதனை மாற்றுவது சிறு வேலை. அவுஸ்திரேலியா, பிரான்சு, ஜெர்மனி, சுவிற்சலாந்து, நோர்வே ஆகிய நாடுகளிலும் மின்சாரம் நம்முடையது போன்றதே. செருகியின் வடிவந்தான் வேறு. எனவே, ஒரே மிக்சி பாரிசுக்குச் செல்லும் மகனுக்கு வரமாகவும், ரொறன்ரோவுக்குச் செல்லும் மகளுக்குச் சுமையாகவும் அமையக்கூடும்.

அரைத்தல் வேறு, கலக்கல் வேறு

அப்படியானால், எல்லாவற்றையும் சென்ற நாட்டிலேயே வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அவ்வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. மேல்நாட்டுக் கடைகளிற் காணும் பிளெண்டர் கலப்பதற்கென்றே பிறந்தது. பழமும் பாலும் பனிக்கட்டியும் அதற்கு உவப்பானவை. நீர்மம் நிறைந்திருந்தாற்றான் அதன் அலகுகள் பொருளைத் தம்பால் இழுக்கும். செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சிறிது உப்புஞ் சேர்த்து நீரின்றி அரைக்கச் சொன்னால், அது ஓரத்தில் ஒதுக்கிவிட்டு வெறுமனே சுற்றும். ஊறிய உழுந்தைப் பொங்கப் பொங்க ஆட்டுவதும் அதற்கு இயலாத காரியமே.

இவ்விடர்ப்பாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. இந்தியாவில் மிக்சி பிறந்த கதையே இதற்குச் சான்று. சத்திய பிரகாஷ் மாதூர் என்னும் பொறியியலாளரின் இல்லத்தில் ஜெர்மனியக் கலக்கி ஒன்றிருந்தது. நம் சமையலின் கடும் அரைப்பைத் தாங்கமாட்டாமல் அது பழுதாயிற்று, திருத்துவதற்கும் வசதியில்லை. மனைவியார் மாதுரியின் முறைப்பாட்டைக் கேட்ட கணவர், இந்தியச் சமையலுக்கேற்ற வலிய மோட்டருடன் தாமே ஒன்றை அமைக்க முனைந்தார். 1963ஆம் ஆண்டு சுமீத் என்னும் மிக்சி இவ்வாறு பிறந்தது. அதற்கு முன்னரே, 1955இல், கோயம்புத்தூரில் சபாபதி என்பார் ஆட்டுக்கல்லை மோட்டரோடு பிணைத்து, மா அரைக்கும் கிறைண்டரைத் தந்திருந்தார். அதே 1955ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் தோஷிபா நிறுவனம் தானியங்கும் றைஸ் குக்கரை விற்பனைக்கு விட்டது. அதனை ஆக்கிய யோஷிததா மினாமி என்பவருக்காக, அவருடைய மனைவியார் பூமிகோ நாள்தோறுஞ் சோறாக்கிப் பார்த்துச் சோதனைகள் நடத்தினார். இம்மூன்று சாதனங்களும் சமையலறையின் தேவையையறிந்து பிறந்தவை. அச்சமையலறை மாறினாற் கருவியுந் தடுமாறுவது இயல்பன்றோ?

ஆதலின், குடிபெயர்வோர் தேடவேண்டியது நம் வேலையைச் செய்யக்கூடியதும் அந்நாட்டு மின்சாரத்தில் இயங்கக்கூடியதுமாகிய கருவியையே. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. இத்தகையன இல்லாமலும் இல்லை. பிரீத்தி மிக்சி, அல்ட்ரா கிறைண்டர் போன்றவற்றை வட அமெரிக்காவுக்கென 110 வோல்ற்று, 60 ஏட்சு அளவிலும் ஆக்கி விற்கிறார்கள். இணையக் கடையிற் படம் ஒன்றே. பெயரும் ஏறத்தாழ ஒன்றே. வோல்ற்றளவைக் குறிக்கும் ஓர் எண்ணில் மாத்திரமே வேறுபாடு. அந்த எண்ணைத் தேடிப் படிப்பவரே தப்புகிறார்.

பழைய பட்டியல், புதிய திரை

பார்க்காத பொருளைப் படத்தை நம்பி வாங்குவது இணையம் கொணர்ந்த புதுமை என்று எண்ணிவிடலாகாது. ரொறன்ரோ நகரில் திமொதி ஈற்றன் என்னும் வணிகர் 1869ஆம் ஆண்டு கடையொன்றைத் தொடங்கினார். 1884இல் அக்கடை விலைப்பட்டியல் நூலொன்றை வெளியிட்டது. கனடாவின் மேற்குச் சமவெளிகளிற் குடியேறிய மக்கள், அருகிற் கடையெதுவும் இல்லாத நிலையில், அந்நூலைப் பார்த்தே அடுப்பும் பாத்திரமும் உடையும் தபாலில் வரவழைத்தார்கள். பிறமொழி பேசிய குடியேறிகள் சிலர் அதன் படங்களையும் பெயர்களையும் பார்த்து ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் பழகினர் என்றும் கூறுவர். பொருள் பிடிக்காவிடிற் பணத்தைத் திருப்பித் தருவோம் என்னும் வாக்குறுதியே அக்கடையின் பலம். 1976ஆம் ஆண்டுவரை அப்பட்டியல் வெளிவந்தது.

எனவே, அந்நாட்டில் ஒரு குடியேறியின் குசினி தபாலில் வந்து சேர்வது பழைய வழக்கமே. ஆனால், ஒரு வேற்றுமை உண்டு. ஈற்றன் பட்டியலிலிருந்த அடுப்பு அந்நாட்டிலேயே எரிவதற்கென விற்கப்பட்டது. வாங்கியவரும் அந்நாட்டிலேயே இருந்தார். இன்றைய இணையக் கடையோ பல நாடுகளின் பண்டங்களை ஒரே தட்டில் வைக்கிறது. வாங்குபவரோ ஒரு காலை ஒரு நாட்டிலும், மறு காலை வேறொரு நாட்டிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

திரையிற் புலப்படாதவை

முதலாவது, அளவு. படத்தில் எல்லாச் சட்டிகளும் ஒரே பருமனாகத் தோன்றும். றைஸ் குக்கரைக் கோப்பைக் கணக்கில் விற்பார்கள். அந்தக் கோப்பை யப்பானிய முறைப்படி 180 மில்லிலீற்றர். அமெரிக்கச் சமையற் கோப்பையோ ஏறத்தாழ 240 மில்லிலீற்றர். இன்னுஞ் சில நிறுவனத்தார் வெந்த சோற்றின் கணக்கைச் சொல்வார்கள். வேறு சிலர் அரிசியின் கணக்கைச் சொல்வார்கள். 20 கோப்பை என்று வாங்கியதில் 10 கோப்பை அரிசியே வேகும். சுண்டுக் கணக்கிற் பழகிய நம்மவர் லீற்றர் அளவைப் பார்த்து முடிவு செய்வதே தக்கது.

இரண்டாவது, நிறை. விரைவுப் பொதி அனுப்புவோர் பலர் பெட்டியின் பருமனையும் நிறையாகக் கணக்கிடுகின்றனர். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரிற் பெருக்கி 5,000ஆற் பிரிப்பது பெருவழக்கு. 50 சென்ரிமீற்றர் நீளமும், 40 அகலமும், 40 உயரமும் உள்ள பெட்டிக்கு இவ்வாறு 16 கிலோகிராம் என்று கட்டணம் எழும். உள்ளே நான்கு கிலோ நிறையுள்ள குக்கர் இருந்தாலும் அதுவே கணக்கு. மலிவாக வாங்கிய பொருளைக் கப்பற்கூலியும் விமானக்கூலியும் விழுங்கிவிடும்.

மூன்றாவது, நாட்கணக்கு. திருப்பியனுப்பும் தவணை பொருள் கையளிக்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது; அடுப்பில் வைத்த நாளிலிருந்து அன்று. ஒரு மாதம் முன்னதாக வாங்கி உறவினர் வீட்டு அறையில் வைத்துவிட்டு, பிறகு சென்று திறந்து பார்ப்பவருக்கு அத்தவணை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆதலால், போய்ச் சேர்ந்து, தங்கும் விலாசம் நிலைத்த பின்னர் வாங்குவதே புத்தி. முதல் வாரத்துக்கு ஒரு சட்டியும் ஒரு அகப்பையும் போதும்.

நான்காவது, சட்டம். கனடாவில் மின்சாதனங்கள் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிறுவனமொன்றின் முத்திரையைத் தாங்கியிருத்தல் வேண்டும். சீ.எஸ்.ஏ. என்னும் முத்திரை அவற்றுட் பலரும் அறிந்தது. இணையக் கடையில் வெளிநாட்டு விற்பனையாளர் அனுப்பும் பண்டங்களில் அம்முத்திரை இல்லாமலும் போகலாம். தீ விபத்து நேர்ந்தால் வீட்டுக்காரரும் காப்புறுதியாரும் முதலிற் கேட்கும் கேள்வி இதுவாகவே இருக்கக்கூடும்.

சுங்கத்தின் கணக்கையும் சொல்லவேண்டும். கனடாவிற் குடியேறுவோர் தம் வீட்டுப் பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுசெல்லலாம். ஆனால், வருமுன்னரே அவை அவருக்கு உரிமையாயும் அவர் கைவசமாயும், அவரால் உபயோகிக்கப்பட்டனவாயும் இருத்தல் வேண்டும். பின்னர் வரவிருக்கும் பொருள்களையும் முதன்முறை நாட்டினுள் நுழையும்போதே பட்டியலாக எழுதிக் கொடுக்க வேண்டும். பிரித்தானியாவில் இவ்விதி இன்னுங் கடுமையானது. ஆறு மாதமாவது வைத்திருந்து பாவித்த பொருள்களுக்கே அச்சலுகை உரியது. ஆகவே, புறப்படுமுன் அவசரமாக வாங்கி உறை கிழிக்காமற் கொண்டுசெல்லும் புத்தம் புதிய பெட்டி, சட்டத்தின் கண்ணில் வீட்டுப் பொருளாகாது. பழையதற்குள்ள மதிப்பு புதியதற்கு இல்லாத இடம் உலகில் இதுவொன்றே போலும்! மணமக்களின் பரிசுப் பொருள்களுக்கு மாத்திரம் பாவித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கனேடியச் சுங்கத்தார் தளர்த்தியிருக்கிறார்கள்.

அங்குள்ள வீட்டில் என்ன இருக்கிறது என்பதையும் முன்கூட்டிக் கேட்டறிதல் நலம். கனடாவில் வாடகை வீடுகளிற் குளிர்சாதனப் பெட்டியும் அடுப்பும் பெரும்பாலும் வீட்டுக்காரரால் வைக்கப்பட்டிருக்கும். ஜெர்மனியிலோ, வாடகைக்கு எடுத்த வீட்டின் குசினியில் நீர்க்குழாயும் வெறுஞ் சுவருமே எதிர்கொள்வதும் உண்டு. அலுமாரி முதல் அடுப்பு வரை குடியிருப்பவரே தேடிக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து எரிவாயு அடுப்பை எடுத்துச்செல்ல எண்ணுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை: நாம் பாவிப்பது உருளையில் அடைத்த திரவவாயு, மேல்நாட்டு நகரங்களிற் குழாய்வழி வருவது இயற்கைவாயு. இரண்டிற்கும் அடுப்பின் வாயுத்துளை வெவ்வேறு அளவினது. மாற்றாமற் பொருத்துவது ஆபத்தில் முடியும்.

கம்பியில்லாப் பொருள்கள்

இவ்வளவையும் படித்தபின், எதைத்தான் கொண்டுசெல்வது என்று வாசகர் சலிப்படையலாம். விடை சுலபமானது. கம்பியுள்ளதைச் சென்ற இடத்தில் வாங்குக, கம்பியில்லாததைக் கொண்டுசெல்க. மின்சாரம் நாட்டுக்கு நாடு மாறும். நீராவி எங்கும் ஒன்றே. நீத்துப்பெட்டிக்கு வோல்ற்றளவு இல்லை. இடியப்ப உரலுக்கு மீடிறன் இல்லை. பனையோலையாற் பின்னிய பெட்டியில் அவித்த புட்டு, வவுனியாவில் மணப்பதுபோலவே வன்கூவரிலும் மணக்கும். திருவலையின் பல்லுக்கு எந்த நாட்டுத் தேங்காயும் ஒன்றே. இவற்றின் நிறையும் சொற்பம், விலையும் சொற்பம். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மாத்திரம் விமானத்தில் ஏற்ற இயலாது. அவ்விரண்டின் இடத்தைத்தான் கம்பியுள்ள கருவி நிரப்புகிறது.

மருமகளின் குசினிக் கதை எவ்வாறு முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எரிந்த நிலைமாற்றி குப்பைக்குப் போயிற்று. மிக்சியை அவள் எறியவில்லை. அடுத்த ஆண்டு இலண்டனுக்கு மாறிச் சென்ற ஒரு குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டாள். அவர்களோ தமக்கு இனி உதவாத 110 வோல்ற்று மிக்சியை அவளுக்குத் தந்தார்கள். காசு கைமாறவில்லை. தமக்கையார் வாங்கிய மிக்சி இலண்டனில் இன்று சம்பல் அரைத்துக்கொண்டிருக்கிறது. அதனிடத்தில் மற்றொரு தாய் தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது ரொறன்ரோவில் அரைத்துக்கொண்டிருக்கிறது. எந்த இணையக் கடையிலும் இத்தகைய பண்டமாற்றுக்கு இடமில்லை.

ஆனால், தமக்கையாரைத் தேற்றியது இச்செய்தியன்று. மருமகள் ஒருநாள் காணொளி அழைப்பில் வந்தாள். வெளியே உறைபனி. அடுப்பில் நீராவி எழுந்துகொண்டிருந்தது. அவள் மூடியைத் திறந்து, நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துப் புட்டைத் தட்டிற் கொட்டினாள். “அம்மா, உங்கட நீத்துப்பெட்டி வந்த முதல்நாள் தொடக்கம் ஒருநாளும் பிழைவிடேல்லை” என்றாள். சந்தையில் நூற்றைம்பது ரூபாவுக்கு வாங்கிப் பெட்டியின் மூலையில் இடைவெளியை நிரப்பச் செருகிவிட்ட பொருள் அது. தமக்கையார் அதை மறந்தே போயிருந்தார். திரையை நெருங்கிப் பார்த்து, “ஓலை கறுத்துப் போச்சுது, அடுத்தமுறை ஆரும் வந்தால் வேறையொண்டு குடுத்துவிடுறன்” என்றார்.

மறுநாட் காலையில் அவர் சந்தைக்குப் புறப்பட்டதைக் கண்டேன். இம்முறை அவர் எவருடைய கைத்தொலைபேசியையும் கேட்கவில்லை.